கைனேஸ் அடுக்கில் ஒரே பாஸ்பேட்தான் கைமாறிப் போகிறதா?

"ராஃப், மெக், எர்க் என்று சிக்னல் இறங்கும்போது, முதலில் ஒட்டிய பாஸ்பேட்தான் கடைசிவரை போகிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இல்லை. ராஃப், மெக், எர்க் மூன்றும் கைனேஸ்கள், அதாவது வேறு புரதத்தின் மேல் பாஸ்பேட் ஒட்டும் நொதிகள்; ஒன்று அடுத்ததைத் தூண்டும் வரிசைதான் இந்த அடுக்கு. நீங்கள் எம்எஸ்சி படிக்கிறீர்கள், கையில் இருப்பது ஒரு கைடு என்று நினைக்கிறேன். வட்டத்துக்குள் 'பி' போட்டு அம்புக்குறி வழியாகக் கீழே இறக்கியிருப்பார்கள். குழப்பமே அந்தப் படத்தால்தான்.

வளர்ச்சிக் காரணி செல்லின் ஏற்பியில் வந்து ஒட்டினால் உள்ளே ராஸ் என்ற புரதம் தூண்டப்படுகிறது, ராஸ் ராஃபைத் தூண்டுகிறது. ராஃப் ஒரு ஏடிபியிலிருந்து (செல்லின் ஆற்றல் மூலக்கூறு, மூன்று பாஸ்பேட் கொண்டது) பாஸ்பேட்டை எடுத்து மெக்கின் மேல் ஒட்டுகிறது. மெக்கின் வடிவம் மாறுகிறது, வேலைக்குத் தயாராகிறது. அது எர்க்கின் மேல் ஒட்டுவது தன் மேல் இருக்கும் பாஸ்பேட்டை அல்ல, வேறு ஏடிபியிலிருந்து புதிதாக எடுத்ததை. அதுவும் இரண்டு இடத்தில், ஒரு திரியோனினிலும் ஒரு டைரோசினிலும் (இரண்டும் அந்தப் புரதத்தில் உள்ள அமினோ அமிலங்கள்).

இதை நான் என் அப்பாவுக்கு விளக்க வேண்டி வந்தது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கிறவர். சிஎம்எல் என்ற ரத்தப் புற்றுநோய் வந்தபோது டாக்டர் இமாடினிப் எழுதிக் கொடுத்தார். "கரண்ட் வைக்கல, ஊசி இல்ல, வெறும் மாத்திரையா?" என்று அப்பா அதைத் தொடவே இல்லை.

9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டதில் பிசிஆர்-ஏபிஎல் என்று ஒரு கைனேஸ் உருவாகி, யாரும் சொல்லாமலே ஓயாமல் பாஸ்பேட் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதற்குக் கீழே ராஸும் ராஃபும் அடங்குவதில்லை என்று சொன்னேன். அப்பா உடனே கேட்டார்: "முதல் ஆள்கிட்ட இருந்தது ஒண்ணுதானே? கைமாத்திட்டே போனா அது எப்படிடா அத்தன பேருக்குக் காணும்?"

உங்கள் கேள்வியேதான். கைமாற்றுவதில்லை, ஒவ்வொன்றும் தனித்தனியாக எடுக்கிறது, ஒரு கைனேஸ் அடுத்தடுத்துப் பலதின் மேல் ஒட்டும் என்றேன். "அப்ப நம்ம பட்டறைதான். முன்னாடி ஆள் முடிச்சாத்தான் நான் தொடுவேன், ஆனா பத்தவைக்கிற பொடி என் கிண்ணத்துல இருந்து எடுப்பேன்" என்றார். பிசிஆர்-ஏபிஎல்லில் ஏடிபி உட்காரும் குழியில்தான் இமாடினிப் போய் அடைத்துக்கொள்கிறது என்றதும் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். இன்றும் பட்டறைக்குப் போகிறார்.

அந்த மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் காப்புரிமை மறுத்ததையும் சொல்லியாக வேண்டும். விலை குறைந்த இந்தியத் தயாரிப்பு இல்லையென்றால் கொலுசுக் கூலியில் எங்கள் வீடு தாங்கியிருக்காது.

பாக்டீரியாவில் ஒரு புரதத்தின் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்திலிருந்து இன்னொன்றின் ஆஸ்பார்ட்டேட்டுக்கு அதே பாஸ்பேட் மாறுமே என்று யாராவது வருவார்கள். தெரியும், அது வேறு அமைப்பு. எல்லாப் படியிலும் சிக்னல் ஒரே அளவு பெருகும் என்றும் நான் சொல்லவில்லை.

அப்புறம், பாஸ்பேட்டை ஒட்டுவது பாதிதான், ஒட்டியதைக் கழற்றுவதும் வேண்டும். உயிர்வேதியியலாளர்கள் ஃபிஷரும் கிரெப்ஸும் 1950களில் தசையில் கிளைக்கோஜனை உடைக்கும் நொதியில் கண்டது இந்த இரண்டு வழிப் போக்கைத்தான். அதற்கு 1992இல் நோபல் கிடைத்தது.

ஒரு ஆதங்கம், நேரடியாக இதோடு சேராது. நான் படித்த கல்லூரியில் விடுமுறை வந்தால் கரண்ட் பில் மிச்சம் என்று டீப் ஃப்ரீசரை அணைத்துவிடுவார்கள், ஆன்டிபாடி எல்லாம் வீண். பிள்ளைகள் வெளியூர் லேபில் காசு கட்டி ப்ராஜெக்ட் ரிப்போர்ட் வாங்கி வருவார்கள். சேலத்துப் பிள்ளைகளுக்கு இவ்வளவு போதும் என்று முடிவு செய்தவர்கள் யார்? கட்டணம் மட்டும் முழுசாக வாங்கினார்கள்.

உங்கள் துறையில் ஃப்ரீசர் ஓடினால் பாஸ்போ-எர்க் ப்ளாட் (பாஸ்பேட் ஒட்டிய எர்க்கை ஆன்டிபாடி கொண்டு பட்டையாகக் காட்டும் சோதனை) ஒன்று செய்து பார்க்கக் கேளுங்கள். வளர்ச்சிக் காரணி சேர்த்த சில நிமிடத்தில் பட்டை அடர்த்தியாகும், பிறகு மங்கும். மங்குவது பாஸ்பேட்டைக் கழற்றும் நொதிகளான பாஸ்படேஸ்களின் வேலை. உங்கள் கைடில் அவற்றுக்கு ஒரு அம்புக்குறியாவது போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.