கடல்நீரில் நனோ சிலிக்கா ஏன் திரள்கிறது?

கேள்வி: நிலாவெளியில் எடுத்த கடல்நீரில் நனோ சிலிக்காத் தூளை 0.5 சதவீதம் கலந்து, எண்ணெயை வெளியே தள்ளுவதற்காக, எண்ணெய் ஊறிய கடற்கரை மணல் நிரப்பிய குழாய்க்குள் செலுத்தினேன். ஒரு மணித்தியாலத்துக்குள் போத்தலின் அடியில் வெள்ளைப் படிவு. பம்பியின் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, மேலதிக எண்ணெய் வரவில்லை. செறிவைக் கூட்டவா?
– இறுதியாண்டு மாணவர், திருகோணமலை

பதில்: கூட்டாதீர்கள், அடைப்புத்தான் கூடும். முதலில் திருத்தவேண்டியது தண்ணீர்.

சிலிக்காத் துணிக்கையின் மேற்பரப்பு மறை ஏற்றம் கொண்டது. நன்னீரில் அதைச் சுற்றி நிற்கும் அயன் படலம் சுமார் பத்து நனோமீற்றர் வரை பரந்து துணிக்கைகளை விலக்கி வைக்கும். கடல்நீரில் அந்தப் படலம் ஏறத்தாழ 0.4 நனோமீற்றராகச் சுருங்கிவிடுகிறது. கல்சியமும் மக்னீசியமும் மீதி ஏற்றத்தையும் குறைப்பதால், துணிக்கைகள் நெருங்கி ஒட்டிக்கொள்கின்றன. 200 மைக்ரோமீற்றர் மணலின் துளைக் கழுத்து (மணிகளுக்கு இடையிலான மிக ஒடுங்கிய வழி) ஏறக்குறைய 30 மைக்ரோமீற்றர். அதில் மூன்றிலொரு பங்கு பருமனுள்ள திரள்கள் வந்தாலே பாலம் போட்டு வழியை மறித்துவிடும்.

தூளுக்குப் பதிலாக, ஏற்கெனவே நீரில் கலந்து விற்கப்படும் கூழ்ம சிலிக்காவை வாங்குங்கள். புகைச் சிலிக்காத் தூளின் துணிக்கைகள் தயாரிப்பின்போதே உருகி இணைந்தவை, கழியொலி கொடுத்தாலும் முழுதாகப் பிரியாது. பிறகு, திரளலைத் தடுக்க, ஒரு லீற்றர் கடல்நீரை 0.45 மைக்ரோமீற்றர் வடியில் வடித்து, 1 மோலர் ஐதரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பீஎச் 3 அளவுக்குக் கொண்டுவாருங்கள். சுமார் 3.5 மில்லிலீற்றர் செல்லும், மீற்றரைப் பார்த்து நிறுத்துங்கள். அதன்பின்பே, கலக்கிக்கொண்டு, 2 சதவீத சிலிக்காக் கூழ்மத்தில் 25 மில்லிலீற்றரை மெதுவாகச் சேர்க்கவேண்டும். செறிவு 0.05 சதவீதத்துக்கு வரும், அது போதும். வரிசையை மாற்றி, சிலிக்காவைச் சாதாரண கடல்நீரில் விட்டபின் அமிலம் சேர்த்தால் உருவான திரள்கள் திரும்பப் பிரியா.

கலவையை ஒரு கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, பின்னால் அச்சடித்த தாளைப் பிடித்துப் பாருங்கள். எழுத்துத் தெளிவாகத் தெரிந்து, பக்கவெளிச்சத்தில் இலேசான நீலச் சாயல் மட்டும் இருந்தால் நல்லது. பாலாக மாறினால் குழாய்க்குள் விடவேண்டாம். மறுநாளும் இதே சோதனை.

அமிலத்தால் இன்னொரு சிக்கல் வரும். நம் கடற்கரை மணலில் சிப்பித்தூள் கலந்திருக்கும். ஒரு கரண்டி மணலில் அமிலம் விட்டால் நுரைத்துப் பொங்கும். அதே வேலை குழாய்க்குள் நடந்தால் அமிலம் தீர்ந்து பீஎச் ஏறும், கல்சியமும் கரைந்து வரும், திரளல் மணலுக்குள்ளேயே தொடங்கிவிடும். ஆகவே மணலை ஐதான அமிலத்தில் நுரை அடங்கும்வரை கழுவி, நன்னீரில் அலசிக் காயவையுங்கள். கறுப்பு மணிகள் நிறைந்த புல்மோட்டை மணல் வேண்டாம். அதிலுள்ள இல்மனைற்று, ரூட்டைல் ஆகிய தைத்தேனியக் கனிமங்கள் அமிலச் சூழலில் நேர் ஏற்றம் பெற்று சிலிக்காவைப் பிடித்துவைக்கும்.

இனி எண்ணெய். நனோ பாய்மத்தின், அதாவது சிலிக்கா கலந்த இந்த நீரின், முதன்மையான வேலை, எண்ணெய் ஒட்டிய பாறையை நீர் நனைக்கும் தன்மைக்கு மாற்றுவது. புதிதாகக் கழுவிய மணல் ஏற்கெனவே நீரால் நனைவது, மாற்ற எதுவுமில்லை. மண்ணெண்ணெயோ டீசலோ விட்டாலும் அது மாறாது. சீனன்குடாத் தாங்கிகளில் இருப்பது போன்ற சுத்திகரித்த எரிபொருள் இதற்கு உதவாது. மசகெண்ணெயின், அதாவது சுத்திகரிக்காத எண்ணெயின், பாரமான கூறுகளான பிசின்களும் அஸ்பால்ற்றீன்களும் மணலில் படியவேண்டும். மசகெண்ணெய் நிரப்பிய குழாயை 60 பாகை செல்சியசில் ஓரிரு வாரம் வையுங்கள். ஆவி தீப்பற்றும், மூடியை இறுக்கி, தீச்சுவாலை இல்லாத அடுப்பையே பயன்படுத்துங்கள்.

2.5 சென்ரிமீற்றர் விட்டமும் 30 சென்ரிமீற்றர் நீளமுமுள்ள குழாய், 38 சதவீத துளைமையில் (மணிகளுக்கு இடையிலான வெற்றிடத்தின் பங்கு), ஏறத்தாழ 56 மில்லிலீற்றர் திரவம் கொள்ளும். மணிக்கு 2.3 மில்லிலீற்றர் செலுத்தினால் அந்த 56 மில்லிலீற்றர், அதாவது ஒரு துளைக்கொள்ளளவு, கடக்க ஒரு நாள் ஆகும், எண்ணெய்ப் படுகையில் நீர் நகரும் வேகமும் இந்த அளவுதான். எண்ணெயில்லாத ஒரு குழாயில் முதலில் ஓட்டிப் பாருங்கள். அழுத்தம் நிலையாக நின்றால் எண்ணெய்க் குழாய்க்கு வரலாம். அங்கே சிலிக்கா இல்லாத அதே பீஎச் 3 கடல்நீரை, எண்ணெய் வருவது நிற்கும்வரை செலுத்தி, அதற்குப் பிறகுதான் நனோ பாய்மம். இடையில் தண்ணீரை மாற்றினால், பிறகு வரும் எண்ணெய் சிலிக்காவால் வந்ததா அமிலத்தால் வந்ததா என்று உங்களால் பிரித்துச் சொல்லமுடியாது.