காத்துல குளிர்ற இன்ஜினுக்கு ரப்பர் எதுக்கு? – கேள்வி பதில்

68 மாடல் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார் வச்சிருக்கேன் அண்ணே, கும்பகோணம். பெயிண்ட் அடிச்சப்போ இன்ஜினைச் சுத்தி இருந்த பழைய ரப்பரைப் பிச்சுட்டாங்க, திரும்பப் போடல. இப்ப தஞ்சாவூர் போய்ட்டு வந்தாலே ஐட்லிங்ல, அதான் வண்டி நின்னு இன்ஜின் சும்மா ஓடுறப்ப, ஆயில் லைட் மினுக்குது. ரப்பர்தான் காரணமா?

பெரும்பாலும் அதுதான் தம்பி. இது பின்னாடி இன்ஜின் இருக்குற வண்டி, ரேடியேட்டர் கிடையாது, காத்துதான் தண்ணி. பின் கண்ணாடிக்குக் கீழ இருக்குற சல்லடை வழியா வர்ற காத்தை, டைனமோ ஷாப்ட்லயே சுத்துற ஃபேன் இழுத்து சிலிண்டர் மேல தள்ளுது, அது சூடாகி ரோட்டுப் பக்கம் இறங்கிடுது. மேல குளிர்ந்த ரூம், கீழ சூடான ரூம், நடுவுல தகடு, அந்தத் தகட்டுக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளியை அடைக்கிறதுதான் அந்த ரப்பர். அது இல்லன்னா கீழ போன அனல் மேல ஏறி வந்து ஃபேன் அதையே திரும்ப இழுக்கும், வடிகால்ல விட்ட தண்ணியவே மறுபடி வயலுக்கு இறைக்கிற கதைதான். ஆயில் சூடாகி நீர்த்துப்போனா பிரஷர் இறங்கும், லைட் மினுக்கும். உங்க மாடல்ல ஆயில் கூலர் ஃபேன் கூண்டுக்குள்ளயே 3ஆம் நம்பர் சிலிண்டருக்குப் போற காத்தை மறிச்சுக்கிட்டு நிக்கும், 71ல தான் அதை ஒதுக்கி வச்சாங்க, அதனால மொதல்ல அடி வாங்குறது 3ஆம் நம்பர்தான். ரப்பர் போடுற வரைக்கும் தூரமா எடுக்காதீங்க. ஆயில் அளவையும் பாத்துடுங்க, மொத்தமே 2.5 லிட்டர்தான்.

கதவு பீடிங் ரப்பரை வெட்டி ஒட்டலாமா? இன்ஜினை இறக்கணுமா?

ஒட்டாதீங்க. ஸ்பாஞ்ச் பீடிங் அந்தச் சூட்டுக்கு நிக்காது, கொஞ்ச நாள்ல பொடிப்பொடியா உதிரும். பாடி ஓரமா ஒரு காடி, அதான் நீளப் பள்ளம், ஓடும், அதுல சொருகுற மாதிரி அதுக்குன்னே வர்ற ரப்பர் வாங்குங்க. மொதல்ல காடியில இருக்குற பழைய பெயிண்ட், துரு எல்லாத்தையும் சுரண்டிடணும், சோப்புத் தண்ணி தடவி ஏத்துங்க, கிரீஸோ ஆயிலோ வேண்டாம், ரப்பர் ஊதிடும். இழுத்து இழுத்து மாட்டாதீங்க, பின்னாடி சுருங்கி முனையில சந்து விழும், ஒரு இஞ்ச் கூடவே விட்டு வெட்டுங்க. பின்பக்கமும் ஓரமும் இன்ஜின் இருக்கும்போதே போட்டுடலாம், கியர்பாக்ஸ் பக்கத்துத் துண்டுக்குக் கை போகாது. கிளட்ச் வேலைக்கு எப்படியும் இன்ஜின் இறங்குமில்ல, அப்ப மொத்தமா போட்டுட்டா நல்லது.

போட்டு முடிச்சதும் ராத்திரி இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு கீழேருந்து டார்ச் அடிச்சு, மேலேருந்து பாருங்க, எங்க வெளிச்சம் தெரியுதோ அங்கதான் ஓட்டை. ஊதுபத்திப் புகை வச்சுப் பாக்குறேன்னு மட்டும் போயிடாதீங்க, பக்கத்துலயே கார்புரேட்டர் இருக்கு.

என் பீட்டில்லயும் ரப்பர் எல்லாம் புதுசு, இன்னும் சூடு குறையல. (மன்னார்குடி)

ஸ்பார்க் பிளக் கேப்பைப் பாருங்க. ஒரிஜினல் கேப்ல வட்டமா ஒரு ரப்பர் இருக்கும், தகட்டு ஓட்டையை அதுதான் மூடுது. ஸ்கூட்டர் கேப் மாட்டியிருந்தா நாலு ஓட்டையிலயும் காத்து வீணாப் போகும். அப்புறம் ஹீட்டர் குழாய். நம்ம ஊருக்கு ஹீட்டர் எதுக்குன்னு கழட்டிப் போட்டிருப்பாங்க, சரிதான், ஆனா ஃபேன் கூண்டுல அந்த ரெண்டு வாயையும் மூடி போட்டு அடைக்கணும்.

பின் மூடியை குச்சி வச்சுத் தூக்கி விட்டு ஓட்டுறேன், காத்து போகட்டும்னு.

வேண்டாம். கீழேருந்து வர்ற சூடும் ரோட்டுத் தூசியும் அந்த வழியாத்தான் உள்ள ஏறும்.

பழைய சேத்தக் ஸ்கூட்டர்ல மெக்கானிக் கவுலை, அதான் சிலிண்டரைச் சுத்தி இருக்குற தகட்டு உறையை, கழட்டிட்டாரு, திறந்து கிடந்தா காத்து நல்லா படும்னு சொல்றாரு. (பாபநாசம்)

இன்னைக்கே மாட்டச் சொல்லுங்க. அந்த இன்ஜின் பக்கவாட்டு மூடிக்குள்ள இருக்கு, எதிர்காத்து நேரா படவே படாது, மேக்னெட் ஃபேன் தள்ளுற காத்தைக் கவுல்தான் சிலிண்டருக்குக் கொண்டு போகுது. அது இல்லாம ரெண்டு பேர் ஏறிப் போனா பிஸ்டன் பிடிச்சுக்கலாம்.

பின் இன்ஜின் ஆட்டோ ஓட்டுறேன், குறுவை அறுப்பு நேரத்துல மட்டும் இழுவை கொறையுது, சூடும் ஏறுது.

ரோட்டுல நெல்லு காயப்போட்டிருக்குற பக்கம் ஓட்டுறீங்கல்ல, பதரும் வைக்கோல் தூசியும் ஃபேன் வழியா போய் கவுலுக்குள்ள சிலிண்டர் செதில்ல அடைஞ்சு ஆயில் கசிவோட கெட்டியாப் பிடிச்சிருக்கும். வெளிய பாத்தா சுத்தமா தெரியும், கவுலைக் கழட்டினாத்தான் தெரியும். இன்ஜின் ஆறினதும் டீசல் பிரஷ் போட்டுத் தேச்சு, காத்து அடிச்சு, காய விட்டு, கவுல் ஸ்க்ரூ ஒண்ணு விடாம மாட்டுங்க. ஏர் ஃபில்டரையும் அப்பவே பாத்துடுங்க, இழுவை கொறையிறதுக்கு அதுவும் காரணமா இருக்கும். அறுப்பு முடியிற வரைக்கும் வாரம் ஒருவாட்டி ஃபேன் வாயையாவது எட்டிப் பாருங்க.