ரோமில் சுற்றுலாவின் கடைசி நாட்கள்: வாசகர் கேள்வி – பதில்

ஐரோப்பியக் குழுச் சுற்றுலாவை ரோமில் முடிக்கவிருக்கும் வாசகர்களும், அண்மையில் அங்கிருந்து திரும்பியவர்களும் எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடையளிக்கிறேன். பல ஆண்டுகள் இத்தகைய குழுக்களோடு சென்று வந்தவன் என்ற முறையில் கண்டவற்றையே பெரும்பாலும் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: பாரிஸில் தொடங்கி சுவிட்சர்லாந்து வழியாக ரோமில் முடியும் 12 நாள் சுற்றுலாவுக்கு நானும் என் கணவரும் பணம் கட்டியிருக்கிறோம். எனக்கு 66 வயது, அவருக்கு 71. ரோமில் முதல் நாள் வாடிகன், மறுநாள் காலை கொலோசியம், அதன் பிறகு விமானம் ஏறும் வரை ஒன்றரை நாள் ஓய்வு நேரம் என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. அந்த ஒன்றரை நாளில் விட்டுப்போன எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று உடன் வருகிறவர்கள் இப்போதே பட்டியல் போடுகிறார்கள். எங்களால் முடியுமா, ஐயா? எதை விடலாம்?
— ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்

பதில்: முடியாது அம்மா, முயலவும் வேண்டாம். ஏறத்தாழ பத்து நாட்கள் பேருந்திலும் விடுதிகளிலும் கழித்த பிறகு வரும் நகரம் ரோம் என்பதைப் பட்டியல் போடுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். முதல் நாளில் எளிதாகத் தோன்றும் நடை பதினோராம் நாளில் எளிதாக இராது. அதிலும் ரோமின் பழைய பகுதியில் தெருக்களுக்குக் கருங்கல் துண்டுகளைப் பதித்திருக்கிறார்கள். மேடுபள்ளமான அந்தக் கற்களில் ஒரு மணி நேரம் நடந்தால் முழங்காலும் கணுக்காலும் தனித்தனியே வலிக்கத் தொடங்கும்.

முதலில் வாடிகன். அங்குள்ள அருங்காட்சியகங்களின் வழிகளை முழுவதுமாகச் சேர்த்தால் சுமார் 7 கிலோமீட்டர் வரும் என்பார்கள். குழுக்கள் அதில் ஒரு பகுதியை மட்டுமே கடக்கின்றன என்றாலும், அதற்கே இரண்டு மூன்று மணி நேரம் நின்றும் நடந்தும் ஆக வேண்டும். அடையாள ஆவணத்தைப் பெற்றுக்கொண்டு சக்கர நாற்காலியைக் கட்டணமின்றித் தருகிறார்கள். உங்கள் கணவருக்கு அது தேவைப்படலாம் என்று தோன்றினால், தயங்காமல் டூர் மேனேஜரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சிஸ்டைன் சிற்றாலயத்தில் சுவரோரமாக இருக்கைகள் உண்டு. கூட்டத்தின் நடுவே நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பதைவிட, இடம் கிடைத்ததும் உட்கார்ந்து, மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை உழைத்து வரைந்த அந்தக் கூரையைப் பத்து நிமிடம் அமைதியாகப் பாருங்கள். அங்கே புகைப்படம் எடுக்க அனுமதியில்லை என்பது ஒருவகையில் நமக்கு நன்மையே. புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடத்தில் ஏற 551 படிகள்; மின்தூக்கியில் சென்றாலும் அதன் பிறகு 320 படிகள், அதுவும் குறுகலானவை. அதை விட்டுவிடுங்கள். பேராலயத்துக்குள் நுழைந்ததும் வலப்பக்கத்தில் கண்ணாடிக்குப் பின்னே இருக்கும், இயேசுவின் உடலை மடியில் தாங்கிய மரியாளின் 'பியெத்தா' சிலையை மட்டும் தவறவிட வேண்டாம். 1972-இல் ஒருவர் சுத்தியலால் தாக்கிய பிறகே அதற்கு அந்தக் கண்ணாடி வந்தது. தோளும் முழங்காலும் மறையும்படியான உடை அங்கே கட்டாயம். சேலைக்கும் வேட்டிக்கும் தடை ஏதுமில்லை.

கொலோசியத்துக்கான நுழைவுச்சீட்டு 2023 முதல் பெயர் குறித்தே தரப்படுகிறது, ஆகவே பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். அதே சீட்டில் பழைய ரோமின் மன்றப் பகுதியையும் (ஃபோரம்) பாலட்டைன் குன்றையும் பார்க்கலாம் என்பதால் குழுவினர் மூன்றையும் முடித்துவிட நினைப்பார்கள். கால் ஒத்துழைக்காவிட்டால் குன்றை விட்டுவிட்டு மன்றப் பகுதியில் நிழலாக ஓரிடம் பார்த்து உட்காருங்கள். அங்கே இன்று மாக்சென்டியஸ் மண்டபத்தின் பிரம்மாண்ட வளைவுகள் நிற்கும் இடத்தில், அதற்கு முன்பு டொமீஷியன் பேரரசர் கட்டிய மிளகுக் கிடங்குகள் இருந்தன. நம் மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து கப்பலேறிய மிளகு அந்த இடத்தில்தான் வந்து சேர்ந்தது என்று எண்ணிப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கல் குவியலில் இருந்த அந்நியத்தன்மை போய்விட்டது. வழிகாட்டிகள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை, நீங்களே கேளுங்கள்.

இனி அந்த ஒன்றரை நாள். அதில் ஒரு காலைப் பொழுதை பாந்தியன் என்னும் பழைய ரோமானியக் கோயிலுக்கும் நவோனா சதுக்கத்துக்கும் கொடுங்கள், வேறெதையும் சேர்க்காதீர்கள். இரண்டுக்கும் இடையே சில நிமிட நடைதான். பாந்தியன் காலை 9 மணிக்குத் திறக்கும், 2023 முதல் நுழைவுக் கட்டணம் உண்டு. ஹாட்ரியன் பேரரசர் காலத்தில், ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன், கம்பி எதுவும் இல்லாமல் காங்கிரீட்டாலேயே வார்க்கப்பட்ட அதன் குவிமாடத்தின் விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சி வரையிலான உயரமும் அதே அளவுதான். அடிப்பகுதியில் கனமான கல்லையும் மேலே போகப் போக எடை குறைந்த கல்லையும் கலந்து, உச்சிக்கு அருகே நுரைக்கல்லைச் சேர்த்ததால்தான் அது இன்றும் நிற்கிறது. நடுவே உள்ள வட்டத் திறப்புக்கு மூடி கிடையாது. மழை பெய்தால் நீர் உள்ளே விழுந்து, தரையில் உள்ள சிறு துளைகள் வழியாக வடியும். அங்கிருந்து நவோனாவுக்கு வந்தால், சிற்பி பெர்னீனி வடிவமைத்து 1651-இல் முடித்த நான்கு நதிகள் நீரூற்று இருக்கிறது. நைல், டானூப், பிளாட்டா ஆகிய நதிகளின் மனித உருவச் சிலைகளோடு நான்காவதாக உட்கார்ந்திருப்பது நம் கங்கை, கையில் நீண்ட துடுப்போடு. நம் குழுக்களில் பலர் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, அது கங்கை என்று தெரியாமலேயே திரும்பிவிடுகிறார்கள் என்பது எனக்குத் தீராத வருத்தம்.

மீதமுள்ள நேரத்தை உடம்புக்கும் பெட்டிக்கும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பேருந்து எந்த இடத்துக்கும் அருகில் போகவில்லை. தொலைவில் இறக்கிவிட்டு நடக்கச் சொன்னார்கள். நிறுவனம் செலவை மிச்சப்படுத்துகிறதா?
— அண்மையில் திரும்பிய வாசகர்

பதில்: இந்த ஒன்றில் நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது. ரோமின் வரலாற்று மையத்துக்குள் சுற்றுலாப் பேருந்துகள் நுழைவதை மாநகராட்சி 2019 தொடக்கத்திலிருந்து கடுமையாகக் கட்டுப்படுத்தியிருக்கிறது. ஆனால் எத்தனை தூரம் நடக்க வேண்டியிருக்கும் என்பதைப் புறப்படுவதற்கு முன்பே சொல்லாதது குறைதான். ரோமின் புகழ்பெற்ற படிக்கட்டான ஸ்பானியப் படிகளில் களைப்பாற உட்கார முயன்று காவலர் எழுப்பிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். 2019 முதல் அங்கே உட்காருவது அபராதத்துக்குரியது.

கேள்வி: கடைசி நாளில் வாங்கிய பொருள்களுக்கு விமான நிலையத்தில் வரி திரும்பக் கிடைக்கும் என்று கடைக்காரர் படிவம் கொடுத்தார். விமான நிலையத்தில் பெட்டியைப் போட்ட பிறகு போய்க் கேட்டால் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். எங்கே தவறினோம்?
— குடும்பத்தோடு சென்று வந்த வாசகர்

பதில்: எதை முதலில் செய்வது என்பதில் தவறினீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வாழ்பவர்கள் ஒரே கடையில் ஒரே பில்லில் 70 யூரோவுக்கு மேல் வாங்கினால் இத்தாலியில் வரியைத் திரும்பப் பெறலாம். 2024 பிப்ரவரிக்கு முன் இந்த வரம்பு ஏறத்தாழ 155 யூரோவாக இருந்தது. பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டுச் செல்பவர்கள் இதை அறியாமல் படிவமே கேட்காமல் வந்துவிடுகிறார்கள். வாங்கும்போது பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். பில் யார் பெயரில் இருக்கிறதோ அவரே பொருளை எடுத்துச் செல்ல வேண்டும். நாலைந்து பேர் வாங்கியதை ஒரே பெயரில் சேர்த்துப் போடுவது சரியாகாது.

விமான நிலையத்தில் சுங்கத்துறை பொருளைப் பார்க்கக் கேட்கலாம். ஆகையால் பயன்படுத்தாத நிலையில், எளிதில் எடுத்துக்காட்டும்படி அது உங்களிடம் இருக்க வேண்டும். பெரிய பெட்டியில் வைக்கப் போகிறீர்கள் என்றால், பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைப்பதற்கு முன்பே சுங்க ஒப்புதலைப் பெற்றுவிட வேண்டும். நீங்கள் பெட்டியை முதலில் அனுப்பிவிட்டீர்கள். காட்டுவதற்குப் பொருள் இல்லாமல் போயிற்று. கைப்பையில் எடுத்துச் செல்வதென்றால், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும் கடைசி விமான நிலையத்தில் இதைச் செய்ய வேண்டும். வளைகுடா வழியாகத் திரும்புகிறவர்களுக்கு அது ரோம். ஃபிராங்ஃபர்ட்டில் விமானம் மாறுகிறவர்களுக்கு ஃபிராங்ஃபர்ட். இத்தாலியில் பொதுவான வரி விகிதம் 22 சதவீதம் என்றாலும், வரியைத் திருப்பித் தரும் இடைநிலை நிறுவனத்தின் கட்டணம் போக அதைவிடக் குறைவாகவே கைக்கு வரும்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய எல்லைப் பதிவு முறையில் நம்மைப் போன்ற வெளிநாட்டினரின் கைரேகையும் முகப்படமும் பதிவாவதால், பாஸ்போர்ட் சோதனையிலும் வரிசை நீளக்கூடும். குழுவில் வரி திரும்பப் பெற வேண்டியவர்கள் எத்தனை பேர் என்று முந்தின நாளே டூர் மேனேஜரிடம் சொல்லுங்கள். பேருந்து அரை மணி முன்னதாகக் கிளம்ப வேண்டுமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். விடுதியில் ஓர் இரவுக்கு இவ்வளவு என்று வாங்கும் நகர வரியையும் அதே சமயத்தில் விசாரியுங்கள். சில நிறுவனங்கள் அதைத் தாமே கட்டிவிடும். சில, பயணியையே கட்டச் சொல்லும். கிளம்பும் காலையில் வரவேற்பு மேசை முன் நாற்பது பேர் சில்லறை தேடி நின்ற காட்சியை நான் கண்டிருக்கிறேன்.

கேள்வி: திரேவி நீரூற்றில் நாணயம் போட்டால் மீண்டும் ரோமுக்கு வருவோம் என்கிறார்களே? அந்தப் பணம் என்ன ஆகிறது?
— கல்லூரி மாணவி

பதில்: வலக்கையால் இடத் தோளின் மேலாக, நீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போட வேண்டும் என்பது வழக்கம். சேரும் நாணயங்களைத் திரட்டி, காரித்தாஸ் என்னும் கத்தோலிக்கத் தொண்டு அமைப்பிடம் ஏழைகளுக்கான பணிகளுக்காகக் கொடுக்கிறார்கள். ஆகவே நம்பிக்கை இல்லாதவர்களும் மனநிறைவோடு போடலாம். நீரில் இறங்கினால் அபராதம். கட்டடக் கலைஞர் நிக்கோலா சால்வி 1732-இல் தொடங்கிய இந்த நீரூற்றின் வேலை அவர் மறைந்த பின்னரே, 1762-இல், நிறைவு பெற்றது. நீர் வரும் வழி இன்னும் பழையது: அது கி.மு. 19-இல் ரோமானியத் தளபதி அக்ரிப்பா அமைத்த கால்வாயின் நீர். பாந்தியனின் முகப்பில் பொறித்திருப்பதும் இதே அக்ரிப்பாவின் பெயர்தான்.

2024 டிசம்பரில் பழுதுபார்ப்பு முடிந்து திறந்ததிலிருந்து, தொட்டியின் அருகே ஒரே சமயத்தில் 400 பேருக்கு மேல் விடுவதில்லை. கடைசி மாலையில் குழுவாகப் போய் வரிசையில் காத்திருப்பதைவிட, முந்தைய நாளே விடியற்காலையில் இருவர் மூவராகப் போய் வாருங்கள். காலையில் அங்கே நீரின் ஓசை கேட்கும்.

கேள்வி: ரோமில் கடைசிக்கு முந்தைய நாள் பேருந்தில் என் கைப்பை பறிபோயிற்று, பாஸ்போர்ட்டும் அதில்தான் இருந்தது. குழு கிளம்பிவிட்டது, நான் மட்டும் இரண்டு நாள் தங்கித் திரும்பினேன். வேறு என்ன செய்திருக்க முடியும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நீங்கள் பட்ட பாட்டை நினைக்க மனம் வருந்துகிறது. சுற்றுலாவின் தொடக்கத்தில் இது நடந்திருந்தால் குழு உங்களுக்காகச் சற்று வளைந்து கொடுத்திருக்கும். கடைசி நாட்களில் விமானச் சீட்டு யாருக்காகவும் காத்திருப்பதில்லை. செய்ய வேண்டியவை இரண்டு: உடனே காவல் நிலையத்தில் புகார் எழுதி அதன் நகலைப் பெறுவது, அதைக் கொண்டு ரோமில் உள்ள இந்தியத் தூதரகத்தில் அவசரச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது. அந்தச் சான்றிதழ் இந்தியாவுக்குத் திரும்பும் ஒருவழிப் பயணத்துக்கு மட்டும் செல்லும். பாஸ்போர்ட், விசா ஆகிய பக்கங்களின் நகலும் இரண்டு புகைப்படங்களும் வேறொரு பையில் இருந்தால் வேலை பாதியாகக் குறையும். வார இறுதியில் தூதரகம் மூடியிருக்கும் என்பதால், வெள்ளிக்கிழமை பிற்பகல் தொலைத்தவர் திங்கள் வரை காத்திருக்க நேரிடலாம். தெர்மினி ரயில் நிலையத்திலிருந்து வாடிகன் பக்கம் செல்லும் 64-ஆம் எண் பேருந்தும், மெட்ரோவின் 'ஏ' தடமும் பணப்பை திருட்டுக்குப் பெயர் போனவை. பாஸ்போர்ட் தேவைப்படாத நாளில் அதை விடுதியின் பெட்டகத்தில் வைத்துவிடுங்கள்.

உங்களைத் தனியே விட்டுச் சென்ற டூர் மேனேஜர் மீது உங்களுக்கு உள்ள மனக்குறை நியாயமானது. அவரால் தங்கியிருக்க முடியாவிட்டாலும், ரோமில் உள்ள தம் தொடர்பாளரை உங்களோடு தூதரகத்துக்கு அனுப்பியிருக்கலாம். அடுத்த முறை பணம் கட்டும்போது இதை எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: கடைசி இரண்டு நாட்களில் எங்கள் குழுவில் தொட்டதற்கெல்லாம் சண்டை. மெதுவாக நடக்கும் ஒரு பெரியவரைப் பார்த்து, 'இவரால்தான் தாமதம்' என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். நான் பேசாமல் இருந்துவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.
— தனியாகக் குழுவில் சென்ற வாசகி

பதில்: பத்து நாள் களைப்பும், பார்க்காமல் போன இடங்களைப் பற்றிய ஏக்கமும் சேர்ந்து, கடைசியில் குழுவிலேயே மெலிந்தவர் மேல் விழுவதைப் பல குழுக்களில் பார்த்திருக்கிறேன். ஒருமுறை நானும் உங்களைப் போலவே வாய் திறக்காமல் நின்றேன்; அந்த முதியவர் மறுநாள் விடுதியை விட்டு வெளியே வரவே இல்லை. எதையும் பார்க்காமல் ஊர் திரும்பினார்.

அதன் பிறகு நான் கடைப்பிடிப்பது இதுதான்: யாரையும் எதிர்த்துப் பேசுவதில்லை, மெதுவாக நடப்பவரின் பக்கத்தில் போய் நடக்கிறேன். இருவராக நடந்தால் அது தாமதமாகத் தெரிவதில்லை, டூர் மேனேஜரும் தானாகவே வேகத்தைக் குறைக்கிறார். ரோமில் அதற்கு வசதியும் உண்டு. நசோனே என்று அழைக்கப்படும் வளைந்த குழாய்கள் 1874 முதல் தெருமுனைகளில் நிற்கின்றன. நகரெங்கும் சுமார் 2,500 இருக்கும், குளிர்ந்த குடிநீர் இலவசம். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளை வழியாக நீர் பீறிட்டு வரும், குனியாமலே குடிக்கலாம். ஒவ்வொரு குழாயிலும் நிற்கலாம் என்று சொன்னால், குழுவில் மறுப்பவர் இருக்க மாட்டார். அந்தப் பெரியவரின் தொலைபேசி எண் உங்களிடம் இருந்தால், அம்மா, இன்றே ஒருமுறை கூப்பிட்டு உடல்நலம் விசாரியுங்கள்.