பதினைந்து இலட்சம் கொடுத்துக் கட்டும் அறை யாருடையது?

கேள்வி:

எனக்கு வயது 51. தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் 26 வருடங்களாகக் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் கைக்கு 64,000 ரூபா வருகிறது. 25 வருட மணவாழ்க்கை இரண்டு வருடங்களுக்கு முன் விவாகரத்தில் முடிந்தது. ஒரு மகள் இருக்கிறாள். தாபரிப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வீட்டில் என் பங்காக 15 இலட்சம் தந்தார். இப்போது 7 இலட்சம் சேமிப்புக் கணக்கில் இருக்கிறது. ஹட்டனில் அண்ணன் குடும்பத்தோடு இருக்கிறேன். வீட்டுச் செலவுக்கு மாதம் 20,000 கொடுக்கிறேன். விவாகரத்து ஆனவளை வீட்டில் வைத்திருக்கிறார்களே என்று மருமகளின் சடங்குக்கு அத்தை சீராக 3 இலட்சம் செய்தேன். அதே காரணத்தால் அண்ணன் மகனான மருமகனின் முச்சக்கர வண்டிக்கு 4 இலட்சம் முற்பணம் கொடுத்து, லீசிங்குக்குப் பிணையும் நின்றேன். ஒப்பந்தத்தின் பிரதி என்னிடம் இல்லை. 14 மாதங்களாகத் தவணை 18,500 ரூபாவை நானே கட்டுகிறேன். இன்னும் 38 தவணைகள் இருக்கின்றன. என் நகை 6 பவுண் மூன்று வருடங்களாக அடகில், 6 இலட்சத்துக்கு. சீட்டை இத்துடன் அனுப்புகிறேன். இப்போது அண்ணன் மேல்மாடி கட்ட நினைக்கிறார். அவருடைய வீடு 7 பேர்ச் காணியில் வீட்டுத் திட்டத்தில் கிடைத்தது, காணி உறுதி இன்னும் கைக்கு வரவில்லை. என் ஊழியர் சேமலாப நிதி (EPF) 24 இலட்சத்தில் 15 இலட்சத்தை எடுத்துத் தந்தால் மாடியில் எனக்கு ஓர் அறை என்கிறார். விவாகரத்து ஆனவள் இதையும் மறுத்தால் ஊர் என்ன சொல்லும்? அலுவலகத் தோழி ஒருவர், ஒரு செயலியில் போட்டால் மாதம் 6 வீதம் கிடைக்கும் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்:

சகோதரி, 26 வருடம் தொழிற்சாலைக் கணக்கு எழுதிய உங்களுக்கு வட்டி என்றால் என்ன, வைப்பு என்றால் என்ன என்று நான் விளக்கப்போவதில்லை. உங்கள் கடிதத்தில் ‘விவாகரத்து ஆனவள்’ என்று வரும் இடமெல்லாம் அதன் பின்னாலேயே ஒரு தொகை வருகிறது. முதலில் 3 இலட்சம், பிறகு 4 இலட்சமும் ஒரு கையெழுத்தும், இப்போது 15 இலட்சம். உங்களுக்குச் சேதம் விளைவிப்பது விவாகரத்து அல்ல. விவாகரத்து ஆனதால் இல்லை என்று சொல்லும் உரிமை போய்விட்டதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பதுதான்.

நீங்கள் அந்த வீட்டில் இலவசமாக இருக்கவில்லை. மாதம் 20,000 என்றால் வருடத்துக்கு 240,000. ஒருவருக்குச் சாப்பாடும் தங்குமிடமும் என்று பார்த்தால் அது நியாயமான தொகை. கணவர் வீட்டிலிருந்து வந்த நாளில் அண்ணன் கதவைத் திறந்தாரே, அது பெரிய விஷயம்தான். அந்த நன்றியை வாழ்நாள் முழுக்க மனதில் வைத்திருங்கள். தவணைப் புத்தகத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

இப்போது கணக்கு. 64,000இல் 20,000 வீட்டுக்கு, 18,500 லீசிங்குக்கு. அடகு வட்டியைக் கேட்டால் மாதத்துக்கு இவ்வளவு என்று உங்களால் சொல்ல முடியாது. வருடத்துக்கு ஒரு தடவை மொத்தமாகக் கட்டி மாற்றி வைப்பதால் அது கண்ணில் படுவதில்லை. நீங்கள் அனுப்பிய அடகுச் சீட்டின்படி வட்டி 16 வீதம். 6 இலட்சத்துக்கு வருடம் 96,000, மாதம் 8,000. மூன்று வருடத்தில் 288,000 கட்டியாகிவிட்டது, முதல் தொகையில் ஒரு ரூபாவும் குறையவில்லை. அதே வேளை 7 இலட்சம் சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது. அதற்கு 3 வீதம் என்று வைத்தாலும் வருடம் 21,000. ஒரு வங்கியில் 21,000 வாங்கி இன்னொரு வங்கியில் 96,000 கட்டுகிறீர்கள். தொழிற்சாலைக் கணக்கில் இப்படி ஒரு வரி வந்தால் துரையிடம் கொண்டுபோய்க் காட்டியிருப்பீர்கள். வரும் கிழமையே நகையை மீட்டுவிடுங்கள்.

அந்தச் சீட்டை இன்னொரு தடவை பார்த்தேன். இரண்டு காப்பு, ஒரு சங்கிலி, மூன்று பவுணில் ஒரு தாலிக்கொடி. அடகை மூன்று வருடமாக மீட்காததற்கும் அதை விற்காததற்கும் காரணம் அந்தக் கடைசிப் பொருள்தான் என்று நினைக்கிறேன். மீட்டால் கையில் வந்துவிடும், வந்தால் என்ன செய்வது என்று தெரியாது. தாலியைத் தனியே கழற்றி, உங்கள் மனம் சொல்லும்படி கோயிலுக்குக் கொடுங்கள் அல்லது மகளிடம் கொடுத்து வையுங்கள். அது உங்கள் விருப்பம், அதில் ஆலோசகருக்கு வேலை இல்லை. கொடி தங்கம். முடிந்துபோன திருமணத்தின் கொடிக்கு வருடாவருடம் வட்டி கட்டவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. தங்கம் அடகு வைத்த நாளைவிட இன்று எவ்வளவோ உயர்ந்திருக்கிறது. அதை விற்று, கிடைப்பதை உங்கள் பெயரில் மட்டும் நிலையான வைப்பில் போடுங்கள். நகையை மீட்டபின் சேமிப்பில் ஒரு இலட்சம்தான் மிஞ்சும்; அவசரத்துக்கு அது போதாது. இந்த வைப்புத்தான் உங்கள் அவசரப் பணம். காப்பையும் சங்கிலியையும் வீட்டு அலுமாரியில் வைக்காதீர்கள். வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள். அலுமாரியில் இருக்கும் நகையை யாராவது கேட்பார்கள், நீங்களும் கொடுத்துவிடுவீர்கள்.

அடுத்தது ஆட்டோ. இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும், ஏனென்றால் பிணை நின்றது விளையாட்டுக் கையெழுத்து அல்ல. தவணை நின்றால் கம்பனி உங்களைத்தான் தேடி வரும். கடன் தகவல் பணியகத்தின் (CRIB) பதிவிலும் உங்கள் பெயருக்குக் கீழே அது ஏறும். ஆகவே நாளையே நிறுத்துங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மீதி 38 தவணை என்றால் 703,000 ரூபா. ஹட்டன் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் அந்த ஆட்டோ ஓடுகிறது, நாளாந்தம் உழைக்கிறது, அந்த உழைப்பு மருமகன் கையில் இருக்கிறது. ஓட்டுகிறவர் தவணை கட்டட்டும். அவரால் முடியாவிட்டால் வண்டியை விற்றுக் கடனைத் தீர்க்கட்டும். முன்கூட்டித் தீர்ப்பதற்கு என் உத்தேசத்தில் ஐந்தரை இலட்சம் அளவில் வரும். 2020 முதல் வாகன இறக்குமதியைத் தடுத்து வைத்திருந்ததால் பழைய வண்டிகளின் விலை எங்கே போய் நின்றது என்பது உங்களுக்கே தெரியும். விற்றால் கடனும் தீரும், மருமகன் கையிலும் ஏதாவது மிஞ்சும். மூன்று மாதம் தவணை கொடுங்கள். அதற்குப் பிறகு இல்லை.

இதை எப்படிச் சொல்வது என்று கேட்பீர்கள். சாப்பாட்டு மேசையில், எல்லோர் முன்னிலையிலும் சொல்லாதீர்கள். அண்ணன் தனியே இருக்கும்போது, “அண்ணா, வீட்டுச் செலவுக்கு மாதம் இருபதாயிரம் எப்போதும் தருவேன். ஆட்டோ தவணை மூன்று மாதம்தான் என்னால் முடியும். அதற்குள் உங்கள் மகனும் நீங்களும் ஒரு முடிவு எடுங்கள்” என்று சொல்லுங்கள். காரணங்களை அடுக்காதீர்கள். காரணம் சொன்னால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வரும். அண்ணி இரண்டு நாள் பேசாமல் இருப்பார். இருக்கட்டும்.

இப்போது மேல்மாடி. என்னைக் கவலைப்படுத்துவது இதுதான்.

அண்ணனின் வீடு 7 பேர்ச் காணியில் வீட்டுத் திட்டத்தில் கிடைத்தது, உறுதி இன்னும் கைக்கு வரவில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மலையகத்தில் இப்படி வீடு கிடைத்தும் உறுதி கிடைக்காமல் காத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். உறுதி இல்லாத காணியில், இன்னொருவர் பெயரில் இருக்கும் வீட்டின் மேல், வேறொருவர் சேமலாப நிதியை ஊற்றிச் சுவர் எழுப்பினால் அந்த அறை யாருடையது? உறுதி வந்தாலும் அண்ணன் பெயரில், அல்லது அண்ணன் அண்ணி பெயரில் வரும். அண்ணனுக்கு ஒன்று நேர்ந்தால், மரணசாசனம் இல்லாத நிலையில் பொதுச் சட்டப்படி அவருடைய பங்கில் பாதி மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்கு. தங்கைக்கு அதில் ஒரு செங்கல்லும் இல்லை. அண்ணன் நல்லவராகவே இருக்கலாம். அண்ணனுக்குப் பின் வருகிறவர்களிடம் எந்தக் காகிதத்தைக் காட்டுவீர்கள்? இன்னொன்று, மண்சரிவு அபாயம் உள்ள நம் மாவட்டங்களில் கட்டடம் கட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி தேவை. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மலை எப்படி இறங்கியது என்பதைப் பார்த்த பிறகும், அந்த அனுமதி இல்லாமல் ஒரு மாடியை ஏற்றுவது உயிரோடு விளையாடுவது.

இனி அந்தப் பதினைந்து இலட்சத்தின் விலை. பெண்கள் 50 வயதில் சேமலாப நிதியைக் கோரலாம். கோரலாம் என்றால் எடுத்தே ஆகவேண்டும் என்று அர்த்தம் இல்லை. தனியார் துறையில் ஓய்வு வயது 60 என்று 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. உங்களுக்கு இன்னும் ஒன்பது வருட வேலை இருக்கிறது. சேமலாப நிதி 2023ஆம் ஆண்டுக்கு 13 வீதம் கொடுத்தது, ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடக்கூடாது. 8 வீதம் என்றே வைப்போம். 8 வீதத்தில் பணம் ஒன்பது வருடத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 24 இலட்சம் 48 இலட்சம். உங்கள் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் சேர்ந்து மாதம் 14,000 அளவில் விழுகிறது. ஒன்பது வருடத்தில் வட்டியோடு அது 20 இலட்சத்தைத் தாண்டும். ஆக 68 இலட்சம். 15 இலட்சத்தை இப்போது எடுத்தால் மீதி 9 இலட்சம் 18 ஆகும், மொத்தம் 38 இலட்சம். அறுபது வயதில் 8 வீத வட்டிக்கு 68 இலட்சம் மாதம் 45,000 தரும், 38 இலட்சம் 25,000 தரும். இடையில் மாதம் 20,000. நம் நாட்டுப் பெண்களின் சராசரி ஆயுள் 80ஐ ஒட்டியது. அறுபதுக்குப் பின் இருபது வருடம், மாதம் 20,000 கொடுத்து, பெயரில் இல்லாத அறையில் இருக்கிறீர்கள். விலைவாசி ஏறும்போது அந்த 45,000இன் பெறுமதியும் குறையும். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை எட்டியதை நாம் எல்லோரும் அனுபவித்தோம். அதனால்தான் இந்த நிதியில் கை வைக்கக்கூடாது என்கிறேன்.

அண்ணனுக்கு மாடி வேண்டுமென்றால் அண்ணன் கட்டட்டும். உங்களுக்குத் தனி அறை வேண்டுமென்றால், லீசிங்கும் அடகு வட்டியும் நின்றபின் மாதம் 26,500 கையில் மிஞ்சும். வேலைக்குப் பக்கத்தில், தலவாக்கலையில் சிறிய வீடு ஒன்றை வாடகைக்குப் பாருங்கள். தனியாக இருப்பதா என்று ஊர் கேட்கும். கேட்கிறவர்களில் ஒருவராவது உங்கள் தவணையைக் கட்டியிருக்கிறாரா?

தோழி சொன்ன செயலிக்கு நீண்ட பதில் வேண்டாம். மாதம் 6 வீதம் என்றால் ஒரு வருடத்தில் பணம் இரட்டிப்பு. உண்மையில் அப்படி உழைக்கத் தெரிந்தவனுக்கு உங்கள் பணம் எதற்கு? ஆள் சேர்த்தால் மேலதிகப் பணம் என்று சொன்னால் அது பிரமிட் திட்டம். வங்கிச் சட்டமே அதைத் தடை செய்கிறது, தடை செய்யப்பட்டவற்றின் பெயர்களை மத்திய வங்கி வெளியிட்டிருக்கிறது. தோழியிடம் அந்தப் பட்டியலைக் காட்டுங்கள், அவர் பணமாவது தப்பட்டும். வட்டி கூட என்று நிதிக் கம்பனிகள் பின்னாலும் போகவேண்டாம். வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைதான். வைப்பு வட்டியில் 10 வீதம் வரி பிடிப்பார்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் இருப்பதால் சுயபிரகடனம் கொடுத்து நீங்கள் அதைத் தவிர்க்கலாம். வங்கி தானாகச் சொல்லாது, கேளுங்கள்.

தாபரிப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அதில் இனி வழி உண்டா என்று அறிய விரும்பினால் சட்ட உதவி ஆணைக்குழுவில் விசாரியுங்கள். ஆனால் ஒன்றை உடனே பாருங்கள். சேமலாப நிதியிலும், நம்பிக்கைப் பொறுப்பு நிதியிலும், காப்புறுதியிலும் உங்களுக்குப் பின் யாருக்கு என்று எழுதிய இடத்தில் இன்னும் முன்னாள் கணவர் பெயர் இருக்கக்கூடும். மகளின் பெயரைப் போடுங்கள். அதோடு கடன் தகவல் பணியகத்தில் உங்கள் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். 25 வருடத்தில் கணவருக்காகப் போட்ட கையெழுத்து எதுவும் உயிரோடு இருக்கிறதா என்று அதில் தெரியும்.

லீசிங் ஒப்பந்தத்தின் பிரதி உங்களிடம் இல்லை என்கிறீர்கள். பிணையாளர் என்ற முறையில் கம்பனியிடம் எழுத்தில் கேளுங்கள். முன்கூட்டித் தீர்க்க இன்றைய தேதிக்கு எவ்வளவு என்ற கடிதத்தையும் சேர்த்துக் கேளுங்கள். அண்ணனிடம் பேசப் போகும்போது அந்தக் கடிதம் கையில் இருக்கட்டும்.