டிஷ், ராக்கெட், நிலா மண்ணு: கேட்டதுக்கெல்லாம் பதில்

கோலாலம்பூர்ல டிஷ் மாட்டறது, ஆன்டெனா பாக்கறதுன்னு 20 வருஷமா இதே வேலதான், விண்வெளி பத்தி என்ன வேணா கேளுங்கன்னு சொல்லிருந்தேன், வந்ததுல சிலதுக்கு பதில் இங்க.

செந்தூல் அக்கா: தம்பி, மழ வந்தா சீரியல் பாதில நின்னுடுது. ராக்கெட்லாம் விடறாங்க, இத சரி பண்ண முடியாதா?

அக்கா, நம்ம டிஷ்ஷெல்லாம் பாக்குற மீசாட் சாட்டலைட், 35,786 கிலோமீட்டர் உயரத்துல நிக்குது, கிழக்கு தீர்க்கரேகை 91.5 டிகிரியில. நம்ம ஊருலேருந்து பாத்தா அடிவானத்துலேருந்து கிட்டத்தட்ட 77 டிகிரி உயரம், அதாவது தலைக்கு மேலயே. அவ்ளோ தூரம் நல்லா வர்ற சிக்னல் கடைசி நாலஞ்சு கிலோமீட்டர்லதான் அடி வாங்குது, ஏன்னா அந்த அலையோட நீளம் ரெண்டர சென்டிமீட்டர்தான், நம்ம ஊரு மழத்துளி பெருசு, அது அலைய உறிஞ்சி சிதறடிச்சுடும். யார் மேலயும் தப்பில்லக்கா. தயவு செஞ்சு மழயில கூர மேல ஏறி டிஷ்ஷ திருப்பாதீங்க, மழ விட்டா தானா வந்துடும். இன்னொண்ணு, மார்ச் நடுவுலயும் செப்டம்பர் கடைசிலயும் மத்தியானம் 2 மணி வாக்குல நல்ல வெயில்லயே சில நிமிஷம் படம் போகும், சூரியன் சரியா சாட்டலைட்டுக்கு பின்னால வந்து நிக்கிறதாலதான் அது.

கெப்போங் தம்பி, படிவம் 4: அண்ணே, நாம பூமத்திய ரேகை பக்கத்துல இருக்கோம், ராக்கெட்டுக்கு லாபமா?

லாபம்தான்டா. அங்க பூமி மணிக்கு 1,670 கிலோமீட்டர் வேகத்துல சுத்துது, கிழக்கால விட்டா அந்த வேகம் ஓசி. ஆனா கிழக்கால ஆளில்லாத கடல் நெறய வேணும். எனக்கு இதவிட பெருசா படறது ராசாக்சாட், நம்ம மலேசியாவோட கேமரா சாட்டலைட். மத்த கேமரா சாட்டலைட்டெல்லாம் துருவம் வழியா சுத்துதா, நம்ம தலைக்கு மேல எப்பவாச்சும்தான் வரும், வந்தாலும் கீழ மேகம். அதனால நம்ம ஆளுங்க 9 டிகிரி சாய்வுல பூமத்திய ரேகைய ஒட்டியே பாத போட்டாங்க, ஒரு நாள்ல பல தடவ வரும், ஒரு தடவயாச்சும் மேகம் வழி விடும்ல. 2009 ஜூலையில ஃபால்கன் 1 ராக்கெட்ல போச்சு. சீக்கிரமே கெட்டுப் போச்சு, எனக்கு இன்னமும் வருத்தம், ஆனா யோசன அருமையான யோசன.

பத்துமலை பெரியவர்: நாமக்கல் மண்ணு நிலாவுக்கு போச்சாமே?

போகலைங்க ஐயா, நிலா மண்ணுக்கு பதிலா நின்னுச்சு. சித்தம்பூண்டி பக்கத்து அனார்த்தோசைட் பாற நிலாவோட மேட்டு நிலத்து பாறைய ஒத்தது, அத அரைச்சு பரப்பி இஸ்ரோ சந்திரயான் சோதனைங்கள பண்ணாங்க. 2023 ஆகஸ்ட் 23ல சந்திரயான்-3 நிலாவுல இறங்கிச்சு பாருங்க, அதுக்கு திட்ட இயக்குநர் விழுப்புரத்து வீரமுத்துவேல்.

பிரிக்ஃபீல்ட்ஸ் அம்மா: எம்பொண்ணு விண்வெளிக்கு போகணும்ங்குறா, நடக்குற காரியமா?

ஏன் நடக்காதும்மா? 2007 அக்டோபர்ல நம்ம மலேசியாலேருந்து டாக்டர் ஷேக் முஸாபர் விண்வெளிக்கு போனாரே, அவர எடுத்த தேர்வுல கடைசி நாலு பேர்ல வனஜா சிவசுப்ரமணியமும் ஒருத்தங்க, நம்ம தமிழ்ப் பொண்ணு. பாப்பாவ முதல்ல பிளானட்டேரியம் நெகாராவுக்கு, அதான் நம்ம தேசிய கோளரங்கத்துக்கு, கூட்டிட்டு போங்க, கணக்க விடாம பிடிச்சுக்க சொல்லுங்க.

செராஸ் அண்ணன்: சாயங்காலம் வேகமா ஒரு வெள்ள நட்சத்திரம் போகுதே?

விண்வெளி நிலையமா இருக்கலாம்ணே, 400 கிலோமீட்டர் உயரம், 90 நிமிஷத்துக்கு ஒரு சுத்து. மினுக்கினா ஏரோப்ளேன்.