காற்றடித்த நாளின் ஸ்கோரையும் பதியுங்கள்

கேள்வி: நான் டர்பனில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியன், வயது 58. நானும் என் மைத்துனரும் இரண்டு நண்பர்களும் சனிக்கிழமைதோறும் கோல்ஃப் ஆடுகிறோம். மைத்துனரின் ஹேண்டிகேப் (ஆட்டக்காரரின் திறமைக்கேற்ப அடிகளில் சலுகை தரும் எண்; நன்றாக ஆடுகிறவருக்குச் சிறியதாக இருக்கும்) 19.1. ஆனால் அவர் 14 அளவுக்கு ஆடக்கூடியவர் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நன்றாக ஆடிய நாளில், ‘நண்பர்களோடு ஆடியதுதானே’ என்று ஸ்கோரைப் பதியாமல் விட்டுவிடுவார். சொதப்பிய நாளில் மட்டும் மறக்காமல் பதிவார். பரிசுப் போட்டி என்றால் பரிசோடுதான் வீடு திரும்புவார். இன்னும் இரண்டு மாதத்தில் எங்கள் கோயில் திருப்பணி நிதிக்காக ஒரு கோல்ஃப் நாள் நடக்க இருக்கிறது. நாங்கள் நால்வரும் ஒரே அணி. நான் அவரைப் போன்றவன் அல்லன். என் ஹேண்டிகேப் 12.4. பலத்த காற்றில் ஆட்டம் கெட்டுப்போன நாட்களை மட்டும் நான் பதிவதில்லை. அது என் உண்மையான ஆட்டம் இல்லையே. மைத்துனரைப் பற்றிக் கமிட்டியிடம் சொல்லலாமா? ‘இது வெறும் பொழுதுபோக்கு, இதற்காகக் குடும்பத்தில் மனத்தாங்கல் வேண்டாம்’ என்கிறாள் மனைவி.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், டர்பன்

பதில்: அன்புள்ள வாசகருக்கு வணக்கம்.

மைத்துனரைப் பற்றிய உங்கள் கேள்விக்குக் கட்டாயம் பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்பு, உங்களைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. காற்றடித்த நாட்களை மட்டும் பதிவதில்லை என்கிறீர்கள். மைத்துனர் ஆட்டம் முடிந்த பிறகு ஸ்கோரைப் பார்த்துவிட்டு அதைப் பதியலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறார். நீங்களும் அதையேதான் செய்கிறீர்கள். அவருடைய எண் மேலே ஏறுகிறது, உங்களுடையது கீழே இறங்குகிறது, அவ்வளவுதான் வேறுபாடு. அவர் செய்வதில் பிறருக்குச் சேர வேண்டிய பரிசு பறிபோகிறது என்பதால் குற்றம் அவர்மீதே அதிகம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் ஆடி முடித்த பிறகு தேர்ந்தெடுத்துப் பதியப்பட்ட ஸ்கோர்கள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும், அவற்றிலிருந்து பிறக்கும் ஹேண்டிகேப் ஆட்டக்காரரின் திறமையைக் காட்டாது.

‘சிறந்த ஸ்கோர்களை மட்டும்தானே கணக்கில் எடுக்கிறார்கள், மோசமானதைப் பதிந்தால் என்ன, பதியாவிட்டால் என்ன’ என்று நீங்கள் கேட்கக்கூடும். இந்த எண்ணம் பலரிடமும் இருப்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 2020 முதல் நடைமுறையில் இருக்கும் உலக ஹேண்டிகேப் முறையில், கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8 ஆட்டங்களின் சராசரியே உங்கள் இண்டெக்ஸ், அதாவது உங்கள் ஹேண்டிகேப் எண். மோசமான ஆட்டம் அந்த எட்டில் சேராது என்பது உண்மைதான். ஆனால் அது இருபதில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, மிகப் பழைய ஆட்டம் ஒன்றைப் பட்டியலிலிருந்து வெளியே தள்ளும். வாரம் ஒரு முறை ஆடுகிற நீங்கள் எல்லா ஆட்டங்களையும் பதிந்தால் 20 சனிக்கிழமைகளில் பட்டியல் முழுவதும் புதுப்பிக்கப்பட்டுவிடும். மூன்றில் ஒன்றைப் பதியாமல் விட்டால் அதற்கு 30 சனிக்கிழமைகள் ஆகும். அதாவது, ஏழு மாதத்துக்கு முன்பு எல்லாம் கைகூடி வந்த ஒரு நாளில் நீங்கள் அடித்த 81, எப்போதோ பட்டியலை விட்டு விலகியிருக்க வேண்டியது, இன்னும் அந்த எட்டில் உட்கார்ந்துகொண்டு உங்களை 12.4 என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

காற்றைப் பற்றி எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. டர்பனில் ஆடுகிறவருக்கு வடகிழக்குக் காற்றையும் தென்மேற்குக் காற்றையும் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலையில் ஏழாம் எண் இரும்பு மட்டையால் எட்டிய கிரீனை (குழியைச் சுற்றியுள்ள வழுவழுப்பான புல்தரையை) மாலையில் மரமட்டை எடுத்தாலும் எட்ட முடியாத நாட்கள் இங்கே சகஜம். இந்த முறையை வகுத்தவர்கள் அதையும் யோசித்தே வகுத்திருக்கிறார்கள். ஒரு மைதானத்தில் ஒரே நாளில், இண்டெக்ஸ் 36.0 அல்லது அதற்குக் கீழ் உள்ளவர்களின் ஸ்கோர்கள் குறைந்தது எட்டாவது பதிவானால், அவர்களிடம் எதிர்பார்க்கப்பட்ட ஸ்கோர்களோடு அவற்றை ஒப்பிட்டு, அந்த நாள் வழக்கத்தைவிடக் கடினமானதா எளிதானதா என்று கணினியே கணிக்கிறது. கடினமான நாள் என்று தெரிந்தால் அன்று ஆடிய எல்லோருக்கும் 1 முதல் 3 ஸ்ட்ரோக் (அடி) வரை சலுகை கிடைக்கும். எளிதான நாள் என்றால் 1 ஸ்ட்ரோக் எதிர்ப்பக்கம் சேரும். காற்றில் ஆடித் தவித்த நீங்கள் ஸ்கோரைப் பதியாமல் வீட்டுக்குப் போய்விட்டால், அது கடினமான நாள் என்பதற்கான சான்றையும் உங்களோடு எடுத்துக்கொண்டு போகிறீர்கள். அன்று நேர்மையாகப் பதிந்த இன்னொருவருக்குக் கிடைக்க வேண்டிய சலுகைகூட அதனால் கிடைக்காமல் போகலாம்.

ஒரே குழியில் பத்து அடித்துவிட்டால் எல்லாம் பாழ் என்ற பயமும் தேவையில்லை. ஹேண்டிகேப் கணக்கில் ஒரு குழிக்கு எழுதக்கூடிய உச்ச ஸ்கோர், பாரோடு (அந்தக் குழிக்கு வகுத்திருக்கும் அடிகளின் எண்ணிக்கையோடு) இரண்டும், ஹேண்டிகேப்பால் அந்தக் குழியில் உங்களுக்குக் கிடைக்கும் ஸ்ட்ரோக்கும் சேர்ந்தது. உங்களுக்கு ஒரு ஸ்ட்ரோக் கிடைக்கும் பார் 4 குழியில் பந்தை இரண்டு முறை ஆற்றில் விட்டுப் பத்தில் முடித்திருந்தாலும், கணக்கில் ஏறுவது 7 மட்டுமே.

இந்த எண்கள் கோயில் கோல்ஃப் நாளன்று என்ன செய்யும் என்று பார்ப்போம். பார் 72, கோர்ஸ் ரேட்டிங் (தேர்ந்த ஆட்டக்காரரிடம் எதிர்பார்க்கப்படும் ஸ்கோர்) 71.3, ஸ்லோப் (சாதாரண ஆட்டக்காரருக்கு மைதானம் எவ்வளவு கடினம் என்பதன் அளவு) 128 உள்ள ஒரு மைதானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மேலே சொன்ன உச்ச வரம்பின்படி சரிசெய்த ஸ்கோர் 84 என்றால், 84-இலிருந்து 71.3-ஐக் கழித்து, 113-ஆல் பெருக்கி, 128-ஆல் வகுத்தால் 11.2 வருகிறது (இண்டெக்ஸுக்குச் சராசரி எடுப்பது இந்த எண்களைத்தான்), 92 அடித்த நாளுக்கு அதே கணக்கில் 18.3 வருகிறது. நீங்கள் விட்டுவிட்ட நாட்களையெல்லாம் சேர்த்தால் உங்கள் இண்டெக்ஸ் 16 பக்கம் வரும் என்று வைத்துக்கொண்டால், அந்த மைதானத்தில் உங்களுக்கு 17 ஸ்ட்ரோக் கிடைக்க வேண்டும். 12.4-ஐ வைத்துக்கொண்டு நின்றால் 13 தான் கிடைக்கும். ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் (சலுகை ஸ்ட்ரோக்குகள் குழிகளுக்குக் கிடைக்கும் வரிசை எண்) 14 முதல் 17 வரை உள்ள நான்கு குழிகளில் நீங்கள் போகி (பாரைவிட ஒன்று கூடுதலாக) அடித்தால், குழிக்குக் குழி புள்ளி தரும் ஸ்டேபிள்ஃபோர்டு முறையில் தலா 2 புள்ளி வர வேண்டிய இடத்தில் தலா 1 புள்ளியே வரும். அணி இழக்கும் அந்த நான்கு புள்ளிகளும் உங்களை நம்பி உங்களோடு ஆடும் மூவருடையவை. அதே அணியில் மைத்துனர் ஆறு ஸ்ட்ரோக்கைக் கூடுதலாகப் பெற்றுக்கொண்டு ஆடுவார். பரிசு கிடைத்தால் அதில் உங்கள் பங்கும் இருக்கும் என்பதை யோசித்தீர்களா? கோயில் நிதிக்கென்று நுழைவுக் கட்டணம் கட்டி வந்து, சரியான எண்ணோடு ஆடித் தோற்ற ஓர் அணியின் முன்னால் நின்று அந்தப் பரிசை நீங்கள் வாங்க வேண்டியிருக்கும்.

இனி மைத்துனர். ‘நண்பர்களோடு ஆடியதுதானே’ என்ற சாக்கு செல்லாது. விதிகளின்படி, ஏற்கப்பட்ட ஆட்டமுறை ஒன்றில், உடன் குறைந்தது ஒருவரோடு ஆடிய ஆட்டம் பதிவுக்குத் தகுதியானது. அதைப் பரிசுப் போட்டியில்தான் ஆடியிருக்க வேண்டும் என்பதில்லை. ஆடிய நாளன்றே நள்ளிரவுக்குள் ஸ்கோரைப் பதிந்துவிட வேண்டும் என்பதும் விதி. ஹேண்டிகேப் பதிவுக்கான எச்.என்.ஏ. செயலியிலோ கிளப்பில் இருக்கும் கணினியிலோ அதைச் செய்ய இரண்டு நிமிடம்கூட ஆகாது. பதியாமல் விடும் ஆட்டக்காரருக்குத் தண்டனையாக ஒரு ஸ்கோரைக் கமிட்டியே பதிவில் சேர்க்கலாம். செயற்கையாக ஏற்றிய எண்ணுக்கு வேறு தடைகளும் உண்டு. கடந்த 365 நாளில் தொட்ட மிகக் குறைந்த இண்டெக்ஸுக்கு மேல் 3.0 ஏறிவிட்டால் அதன் பிறகான ஏற்றம் பாதியாக்கப்படும், 5.0-க்கு மேல் ஏறவே விடாது. பரிசுப் போட்டியில் திடீரென்று இண்டெக்ஸைவிட 7.0 முதல் 9.9 வரை சிறப்பாக ஆடினால் 1.0 குறைக்கப்படும், 10.0 அல்லது அதற்கு மேல் என்றால் 2.0 குறைக்கப்படும். ஆனால் பதியாத ஸ்கோர் எந்தக் கணினியின் கண்ணுக்கும் படாது. அது உடன் ஆடியவர்களுக்கு மட்டுமே தெரியும். சக ஆட்டக்காரர்கள் ஒருவர் பதிவை ஒருவர் பார்த்துச் சரிசொல்ல வேண்டும் என்பது இந்த முறையின் அடிப்படை ஏற்பாடு. ஆகவே இதைக் கேட்பது கோள் சொல்வதாகாது. அவருடைய கார்டில் கையெழுத்திடும் உங்களுடைய கடமையே அது.

எப்படிச் சொல்வது என்பதில்தான் உங்கள் மனைவியின் கவலைக்கு நாம் மதிப்புக் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடிச் சாப்பிடும் இடத்தில் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள்; குடும்பத்தார் முன்னால் தலைகுனிய வைத்தால் அவர் கேட்கமாட்டார், எதிர்த்துப் பேசுவார். முதலில் நீங்கள் விட்டுவிட்ட ஆட்டங்களின் கார்டுகள் கைவசம் இருந்தால், அவற்றைக் கிளப்பின் ஹேண்டிகேப் கமிட்டியிடம் கொடுத்து, உரிய தேதியிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். அதைச் செய்து முடித்த பிறகு மைத்துனரைத் தனியே அழைத்து, நீங்கள் விட்டதையும் பதிந்ததையும் முதலில் சொல்லிவிட்டு, ‘இனி நாம் நால்வரும் எல்லா ஆட்டத்தையும் பதிவோம்’ என்று கேளுங்கள். பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் முதல் டீயில் (ஆட்டம் தொடங்கும் இடத்தில்), யாரும் மட்டையைத் தூக்கும் முன்பே, அன்றைய ஆட்டம் பதிவுக்குரியது என்று நால்வரும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆட்டம் நன்றாக வருமா வராதா என்று தெரியாத அந்த நேரத்தில் ஒப்புக்கொள்வது எவருக்கும் சிரமமாக இருக்காது. பதினெட்டாவது கிரீனை விட்டு இறங்கியதும் நால்வரும் அங்கேயே நின்று செயலியில் ஏற்றிவிட்டால், ‘வீட்டுக்குப் போய்ப் பதிகிறேன்’ என்ற பேச்சுக்கே இடமிராது.

அந்த ஸ்கோர் சரியாக எழுதப்பட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். நண்பர்களுக்குள் ‘எடுத்துக்கொள், போட்டுவிடுவாய்’ என்று பந்தைக் கையில் எடுக்கச் சொல்லும் வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. மேட்ச் பிளேயில் (குழிக்குக் குழி வெற்றி தோல்வி பார்க்கும் ஆட்டத்தில்) அப்படி விட்டுக்கொடுக்கலாம். ஆனால் ஸ்கோர் எழுதும்போது கணக்கு உண்டு. குழியிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள் கிரீனில் கிடந்த பந்துக்கு ஒரு ஸ்ட்ரோக் கூட்ட வேண்டும், ஒன்றரையிலிருந்து இருபது மீட்டர் வரை என்றால் இரண்டோ மூன்றோ கூட்ட வேண்டும். நான்கு மீட்டர் தூரத்தில் கிடந்த பந்துக்கு ஒன்றே ஒன்று என்று எழுதிக்கொள்வது, மோசமான ஆட்டத்தை மறைப்பதற்குச் சமம். ஸ்ட்ரோக் பிளே (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டம்) என்றால் பந்து குழியில் விழுந்தே ஆக வேண்டும்.

‘வெறும் பொழுதுபோக்கு’ என்ற சொல்லை உங்கள் மனைவி நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் நிறவெறிக் காலத்தில் இந்த ஊரில் இந்தியர்களுக்குக் கோல்ஃப் அவ்வளவு எளிதாகக் கிடைத்துவிடவில்லை. நம் பெரியவர்களில் பலர் கேடியாக, அதாவது ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமக்கும் உதவியாளராகத்தான் மைதானத்துக்குள் நுழைய முடிந்தது. கேடியாக இருந்து வளர்ந்த டர்பன் இந்திய ஆட்டக்காரர் பாப்வா சேவ்கோலம்கூட, 1959-இலும் 1960-இலும் டச்சு ஓப்பனை வென்ற பிறகும், 1963-இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பனை வென்றபோது, மழை பெய்துகொண்டிருக்க, கிளப் கட்டடத்துக்கு வெளியே நின்றுதான் கோப்பையைப் பெற்றுக்கொண்டார். உள்ளே அவரை அனுமதிக்க மறுத்தவர்களாலும் அவருடைய கார்டில் இருந்த கூட்டுத்தொகையை மறுக்க முடியவில்லை. அந்த எண் நேர்மையாக எழுதப்பட்டது என்பதில் எவருக்கும் சந்தேகம் இல்லாததால்தான் அந்த வெற்றி நின்றது. அதே நகரத்தில், எந்தக் கதவும் அடைக்கப்படாமல் ஆடும் நாம், நம்முடைய கார்டுகளை இவ்வளவு அலட்சியமாக நடத்துவது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

தனியே பேசிய பிறகும் மைத்துனர் மாறாவிட்டால் கமிட்டியிடம் செல்லுங்கள். செல்லும்போது தேதியும் ஸ்கோரும் மட்டும் உள்ள ஒரு தாளைக் கொடுங்கள். அவருடைய குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். நீங்கள் கொடுக்கப் போகிறீர்கள் என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறர் வாயிலாக அவர் அறிந்தால்தான் உங்கள் மனைவி பயப்படும் விரிசல் உண்டாகும். கமிட்டி அவரை விசாரித்து, அவர் தரப்பையும் கேட்ட பிறகே இண்டெக்ஸைத் திருத்தும். திருத்துவதானால் குறைந்தது 1.0 அளவுக்குத் திருத்தும்.

கோயில் நாளுக்கு இன்னும் எட்டு சனிக்கிழமைகள் இருக்கின்றன. நால்வரும் எட்டையும் பதிந்தால் உங்கள் எண்கள் இப்போது இருப்பதைவிட நிச்சயம் உண்மைக்கு அருகில் வந்திருக்கும். அணிப் பட்டியலை அமைப்பாளரிடம் கொடுக்கும்போது இன்றைய இண்டெக்ஸை எழுதிக் கொடுக்காமல், அந்த வாரத்து இண்டெக்ஸைப் பார்த்து எழுதிக் கொடுங்கள். அதற்குள் மைத்துனர் எதற்கும் இணங்காமல், கமிட்டியின் முடிவும் வராமல் இருந்தால், அன்று அவரோடு ஒரே அணியில் பெயர் கொடுக்காதீர்கள். காரணத்தை அவர் கேட்டால் மறைக்காமல் அவரிடம் மட்டும் சொல்லுங்கள்.