முன்பணம் கேட்கிறவரிடம் போகாதே, தம்பி

தம்பி, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருந்து டெக்ஸாஸ் வந்து ஒரு தனியார் ஹைஸ்கூலில் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்திருக்கிறாய், பாஸ்கெட்பால் ஆடுகிறாய், காலேஜ் டீமுக்கு எப்படிப் போவது என்று கேட்கிறாய். கூடவே இட்லி மாவு, ஜாக்கெட், போன் சிம். அதெல்லாம் கூடப் படிக்கிற பையன்களே சொல்லிவிடுவார்கள், விடு. பதினொன்றாவதை இன்னொரு முறை படித்தால் ஸ்காலர்ஷிப் நிச்சயம் என்று நம்ம ஊர்க்காரர் ஒருவர் முன்பணம் கேட்கிறார் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும்தான் எனக்கு வயிறு எரிந்தது.

கொடுக்காதே. இங்கே காலேஜ் விளையாட்டை நடத்துகிற அமைப்பு என்.சி.ஏ.ஏ., அதன் மேல்மட்டமான முதல் டிவிஷனுக்கு ஒன்பதாம் வகுப்பு தொடங்கியதில் இருந்தே கணக்கு ஓடுகிறது. நாலு வருடத்துக்குள் ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் மாதிரி 16 கோர் பாடங்கள் முடிய வேண்டும், அதில் 10 கடைசி வருடம் தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும், ஜி.பி.ஏ., அதாவது நாலுக்குக் கணக்கிடும் மார்க் சராசரி, 2.3க்குக் குறையக் கூடாது. நீ சேலத்தில் படித்த ஒன்பதும் பத்தும் இதற்குள்தான் வரும். அதனால் திரும்பப் படித்தால் உன் உயரம் கூடலாம், அந்த நாலு வருடம் கூடாது.

இந்த மாதிரி ஆட்கள் சத்னம் சிங் போட்டோவைக் காட்டுவார்கள். 2015இல் என்.பி.ஏ. என்கிற அமெரிக்கத் தொழில்முறை லீகின் புது ஆட்டக்காரர் தேர்வில் டல்லாஸ் அணி அவரை 52ஆவது ஆளாக எடுத்தது உண்மைதான், ஆனால் அவர் ஏழடி இரண்டங்குலம், ஃப்ளோரிடா அகாடமியில் இருந்து நேராகப் போனவர், காலேஜ் பக்கமே போகவில்லை. உனக்கு அது வழியா? இப்போது கோச்சுகளே பள்ளிப் பையனை விட வேறு காலேஜில் ஆடிப் பழகி மாறி வருகிறவனைத்தான் முதலில் பார்க்கிறார்கள். இடம் கிடைக்கவில்லை என்றால் இரண்டு வருட ஜூனியர் காலேஜில் ஆடிவிட்டு மேலே போகலாம், அதில் ஒரு கேவலமும் இல்லை.

ஆனால் நம்ம ஆட்களுக்கு அது கேவலம். பொங்கல் விழாவில் பையனுக்கு பாஸ்கெட்பால் ஸ்காலர்ஷிப் என்று மார்தட்டுகிற அப்பாவிடம் எந்த டிவிஷன் என்று கேட்டுப் பார், பேச்சு சட்டென்று சர்க்கரைப் பொங்கலுக்குத் தாவிவிடும். மூன்றாம் டிவிஷனிலும், ஹார்வர்ட், யேல் மாதிரி பெரிய பெயர்கள் இருக்கிற ஐவி லீகிலும் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது.

இன்னொன்று, 2021 ஜூலையில் இருந்து காலேஜ் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்து விளம்பரக் காசு வாங்கலாம். கூட ஆடுகிறவன் வாங்குகிறான் என்று நீயும் கை நீட்டாதே. நீ எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் இருக்கிறாய், அந்தக் காசு அனுமதி இல்லாத வேலை என்று ஆகிவிட்டால் ஊருக்குத்தான் டிக்கெட். காலேஜ் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்காமல் ஒரு டி-ஷர்ட் கூட வாங்காதே.

நான் ஒஹையோவில் இறங்கியது ஜனவரியில். ஏற்காட்டுக்காரனுக்குக் குளிர் ஒரு விஷயமா என்று ஸ்வெட்டரோடு வந்தவன். ரூமுக்கு முன்பணம் வாங்கிய தமிழர் அப்புறம் போனையே எடுக்கவில்லை, சோறு போட்டு சோபாவில் படுக்க விட்டது ஒரு பாகிஸ்தான் குடும்பம். அப்புறம் பனி தள்ளக் கற்றுக்கொண்டேன், ஞாயிற்றுக்கிழமை ஜிம்மில் வெள்ளைக்காரப் பையன்களோடு ஆடவும் செய்தேன், யாரும் ஓரமாக நில் என்று சொல்லவில்லை. மலைமேல் எங்கள் ஸ்கூல் கோர்ட்டில் மூடுபனி இறங்கினால் ரிங்கே தெரியாது, பந்து ஈரத்தில் வழுக்கும், ஆனாலும் குத்துமதிப்பாக வீசிப் பழகிய கை அது.

சொல்ல மறந்தேன், இங்கே ஹைஸ்கூலில் மூன்று பாயிண்ட் கோடு, அதாவது வெளியே நின்று போட்டால் மூன்று பாயிண்ட் தருகிற கோடு, ரிங்கில் இருந்து ஆறு மீட்டர்தான். ஆண்கள் காலேஜில் 2019இல் இருந்து 6.75, நீ சேலத்தில் ஆடிய அதே தூரம். கிட்டத்துக் கோட்டுக்குக் கையைப் பழக்காதே, பிராக்டிஸில் பழைய இடத்திலேயே நில். அப்பாவிடம் சொல்லி ஒன்பதாம் வகுப்பு மார்க் ஷீட்டை ஸ்கூல் முத்திரையோடு இந்த மாதமே வாங்கி வைக்கச் சொல், பரீட்சை நேரம் வந்துவிட்டால் ஆபீஸில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.